வீண்பழி சுமந்த விமலன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உற்சவ காலத்தில் எம்பெருமானின் திருமுன்பே வந்து நிற்கும் அடியார்கள் கொண்டுவரும் வேண்டுதல்கள் பலவகைப்பட்டவை. மகளுக்கு மணம் கூடவேண்டும், மகனுக்கு உத்தியோகம் கிட்டவேண்டும், நோய் தீரவேண்டும், மழை பொழியவேண்டும் என்பன வாய்விட்டுச் சொல்லத்தக்கவை. உடன் வந்தவர்க்கும் தெரியாமல் நெஞ்சின் அடியில் மறைத்து எடுத்துவரப்படும் வேண்டுதல் ஒன்றும் உண்டு. தன்னைப்பற்றிப் பொய் பரப்பியவனைப் பெருமாள் கேட்கவேண்டும் என்பதே அது.

ஓர் ஊரில் தெருவாரின் மண்டகப்படிக்கு வரவு செலவு எழுதும் பொறுப்பில் ஒருவர் இருக்கிறார் என்று கொள்ளலாம். பல ஆண்டுகளாக ஒரு காசும் பிசகாமல் எழுதிவந்தவர். ஓராண்டு அவர் தம் வீட்டுத் திண்ணையைப் பழுதுபார்த்துப் புதிதாகத் தளம் போடுகிறார். அடுத்த வீட்டுக்காரர் எதிரே வந்த ஒருவரிடம், "மண்டகப்படிப் பணம் திண்ணையாகிறது போலும்" என்று ஒரு சொல்லை விடுகிறார். மாலைக்குள் அச்சொல் குளத்துப் படித்துறையை அடைகிறது. மறுநாள் கடைத்தெருவில் அதற்குக் கையும் காலும் முளைக்கின்றன. முன்னாளில் ஒரு வதந்தி அயலூருக்குச் செல்ல ஒரு சந்தைநாள் வரையிலேனும் காத்திருக்கவேண்டும். இந்நாளில் கைப்பேசி வாயிலாக அது நொடிப்பொழுதில் போய்ச் சேர்கிறது. மூன்றாம் நாள், அவர் மகளைப் பெண்பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அவர் மனைவி தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கச் செல்வதையும் நிறுத்திவிடுகிறாள்.

அடுத்த உற்சவத்தில் அம்மனிதர் ஸந்நிதியில் நிற்கிறார். திரை விலகுகிறது; தீபாராதனை நடக்கிறது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது எம்பெருமானின் திருவடிகள் அல்ல; அடுத்த வீட்டுக்காரரின் முகம். அந்நாக்கு அழுகவேண்டும் என்பதே அவர் செய்யும் பிரார்த்தனை. கற்பூரம் அணைகிறது, அவர் சேவிக்காமலே வெளியே வருகிறார்.

வீண்பழிக்கு ஆளானவர் இழப்பது மானம் என்றே உலகோர் கருதுவர். மானத்தினும் பெரியதொரு செல்வம் அவரிடமிருந்து போய்விடுகிறது. அது பகவத் ஸேவை. மானத்தைக் கெடுத்தவன் அயலான்; ஸேவையைக் கெடுத்துக்கொண்டவர் தாமே. ஆகவே இங்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. பொய்ப்பழி வந்தபோது வாளாவிருப்பதா, அன்றி அதைத் துடைப்பதா? பழி கூறியவனை உள்ளத்தில் எவ்விடத்தில் வைப்பது? முதற் கேள்விக்குக் கண்ணபிரானுடைய சரித்திரமே விடை கூறுகிறது. இரண்டாவதற்குப் பூர்வாசாரியர்களின் அநுஷ்டானம் விடை கூறுகிறது.

சியமந்தக மணியின் சரித்திரம்

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் 56, 57 ஆகிய இரண்டு அத்தியாயங்கள் இச்சரித்திரத்தை விரிக்கின்றன. ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் நான்காம் அம்சத்திலும் இது வருகிறது.

துவாரகையில் வாழ்ந்த ஸத்ராஜித் என்பவன் சூரிய பக்தன். அவனுடைய பக்தியை மெச்சிச் சூரியன் அவனுக்குச் சியமந்தக மணியை அளித்தான். நாளொன்றுக்கு எட்டு பாரம் பொன் தரவல்லது அம்மணி. அது வைத்துப் பூசிக்கப்படும் இடத்தில் பஞ்சமும் நோயும் அணுகா என்பர். கண்ணன் அதை யாதவ மன்னனுக்காக ஒருமுறை கேட்டான். பொருளாசை மிக்க ஸத்ராஜித் கொடுக்க இசையவில்லை. கண்ணனும் அத்துடன் விட்டுவிட்டான்.

பின்னொரு நாள் ஸத்ராஜித்தின் தம்பியாகிய பிரஸேனன் அம்மணியைக் கழுத்தில் அணிந்து, குதிரையேறி வேட்டைக்குச் சென்றான். காட்டில் ஒரு சிங்கம் அவனையும் குதிரையையும் கொன்று மணியைக் கவர்ந்தது. அச்சிங்கத்தைக் கரடிகளின் வேந்தனான ஜாம்பவான் கொன்று, மணியைத் தன் குகைக்கு எடுத்துச்சென்று, தன் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தந்தான்.

தம்பி திரும்பிவரக் காணாத ஸத்ராஜித் வருந்தினான். மணியணிந்து காட்டுக்குச் சென்ற தன் தம்பியைக் கண்ணனே கொன்றிருக்கக்கூடும் என்றான். இவ்விடத்தில் முனிவர் வைத்த ஒரு சிறு சொல் ஊன்றி நோக்கத்தக்கது. 'ப்ராய:' என்பதே அச்சொல். 'பெரும்பாலும் அப்படி இருக்கலாம்' என்பது அதன் பொருள். ஸத்ராஜித் கண்டதாகச் சொல்லவில்லை, கேட்டதாகவும் சொல்லவில்லை. துயரத்தில் ஓர் ஐயத்தைச் சொன்னான். அவ்வையம் ஒரு செவியிலிருந்து மறு செவிக்குச் சென்றபோது 'இருக்கலாம்' என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. 'கொன்றான்' என்பது மட்டும் ஊர் முழுவதும் உலவியது.

வதந்தியின் இயல்பு இதுவே. பொய் பெரும்பாலும் பொய்யாகப் பிறப்பதில்லை, ஐயமாகப் பிறக்கிறது. அதற்கு ஒட்டிக்கொள்ள ஓர் உண்மையின் நுனியும் கிடைத்துவிடுகிறது. கண்ணன் மணியைக் கேட்டது உண்மை. கிடைக்காமல் போனதும் உண்மை. அவ்விரண்டு உண்மைகளின் நடுவே ஒரு பொய் குடியேறியது. திண்ணை புதிதானது உண்மை. மண்டகப்படிப் பணம் அவர் கையில் இருந்ததும் உண்மை. அவ்விரண்டையும் முடிச்சுப்போட்டது அயலானின் நாக்கு.

குற்றமற்ற விமலனுக்கும், அகில உலகங்களுக்கும் ஸ்வாமியானவனுக்கும் இத்தகைய பழி வந்தது என்றால், தன்மேல் பழி வந்ததே என்று ஒரு சேதநன் தன் பிறப்பையே நொந்துகொள்வதற்கு இடமேது? பழி வந்தது பாவத்தின் அடையாளமன்று. பழிக்குப் பின் செய்வதே ஒருவனுடைய தரத்தைக் காட்டுவது.

எம்பெருமான் பழியைத் துடைத்த முறை

கண்ணன் செய்தது என்ன? அதைக் காணுமுன் அவன் செய்யாதவற்றைக் காண்பது நலம். அவன் ஸத்ராஜித்தின் வாயிலில் சென்று இரையவில்லை. இதைச் சொன்னவன் யார், அவனிடம் சொன்னவன் யார் என்று வரிசையாக விசாரிக்கவில்லை. ஸத்ராஜித்தின் பொருளாசையை ஊரறியச் செய்து பழிக்குப் பழி பேசவில்லை. ஸர்வஜ்ஞனாகையாலே நடந்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். ஈச்வரன் சொல்லுகிறான், நம்புங்கள் என்று ஆணையிட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

அவன் ஊர்மக்களை உடன் அழைத்துக்கொண்டு, பிரஸேனன் சென்ற தடத்தைப் பற்றிக் காட்டுக்கு நடந்தான். பிரஸேனனும் குதிரையும் சிங்கத்தால் மாண்டு கிடந்ததை ஊரார் தம் கண்களால் கண்டனர். மேலும் நடந்தபோது, மலைப்புறத்தில் அச்சிங்கமே கரடியால் மாண்டு கிடந்ததையும் கண்டனர். பழி சொன்ன ஊரே சாட்சியாக உடன் நடந்தது. வாயால் மறுக்கப்படும் பொய் மறுபடியும் முளைக்கும். கண்ணால் மறுக்கப்படும் பொய் அவ்வாறு எளிதில் முளைக்காது.

இருண்ட குகையின் வாயிலை அடைந்ததும் மக்களை வெளியே நிறுத்தித் தான் மட்டும் உள்ளே புகுந்தான். ஆபத்துள்ள இடத்துக்குப் பிறரை இழுத்துச் செல்லலாகாது என்பது இதனால் தேறும் பொருள். உள்ளே ஜாம்பவானுடன் 28 நாட்கள் இரவும் பகலும் போர் நடந்தது. வெளியே நின்றவர்களோ 12 நாட்கள் காத்திருந்து, கண்ணன் வரக்காணாமல் வருந்தி ஊர் திரும்பினர். உடன் நிற்பவர்களின் பொறுமை முடிந்த பின்னரும், உண்மைக்காக நடக்கும் போர் முடியாமல் இருப்பதுண்டு. ஆதரவாளர் விலகிய நாளில் மனமுடைந்து போகிறவர்கள் இதை நினைத்தல் வேண்டும்.

ஊர் திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? கண்ணனைக் காணாத துவாரகை மக்கள் ஸத்ராஜித்தைச் சபித்தார்கள். நேற்று அவன் சொல்லைச் செவிக்குச் செவி சுமந்தவர்களும் அவ்வூராரே. இன்று அவனைச் சபித்தவர்களும் அவ்வூராரே. ஊர்வாயை நம்பி ஒருவன் குன்றவும் வேண்டாம்; அதே ஊர்வாய் தன் பக்கம் திரும்பியதென்று களிக்கவும் வேண்டாம்.

முடிவில் ஜாம்பவான் தன்னுடன் போர்புரிபவன் முன்பு தான் தொண்டு செய்த இராமபிரானே என்று உணர்ந்து பணிந்தான். மணியின் பொருட்டு வந்ததையும், தன்மேல் எழுந்த பொய்ப்பழியை அம்மணியால் போக்க இருப்பதையும் கண்ணன் அவனுக்கு உரைத்தான். ஜாம்பவானும் தன் மகள் ஜாம்பவதியையும் மணியையும் ஸமர்ப்பித்தான்.

இனி நிகழ்ந்ததே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. துவாரகைக்கு மீண்ட கண்ணன் ஸத்ராஜித்தை அரசன் முன்னிலையில் ஸபைக்கு அழைத்தான். மணி கிடைத்த வரலாற்றைச் சொன்னான். மணியை அவன் கையிலேயே கொடுத்தான். ஸபையில் வைத்து அவனைக் கடிந்ததாகப் பாகவதம் கூறவில்லை. பொதுவில் பரவிய பொய்க்குப் பொதுவிலேயே உண்மை சொல்லப்பட்டது. ஆனால் பொய் சொன்னவனுக்குப் பொதுவில் அவமானம் செய்யப்படவில்லை. ஸத்ராஜித் தானே தலை கவிழ்ந்தான். தன் செயலை எண்ணி எண்ணி வெந்தான். தன் மகள் ஸத்யபாமையையும் மணியையும் கண்ணனுக்கே அளிக்க முன்வந்தான்.

கண்ணன் ஸத்யபாமையை ஏற்றான். மணியை ஏற்கவில்லை. சூரிய பக்தனாகிய அவனிடமே அது இருக்கட்டும் என்று மீட்டுக்கொடுத்தான். எம்மணிக்காகக் கொலைப்பழி சுமத்தப்பட்டதோ அம்மணி வலிய வந்தபோதும் கைநீட்டவில்லை. பழியைத் துடைக்கப் புறப்பட்டவன் அதனால் ஓர் ஆதாயம் தேடினால், துடைத்த பழி வேறு வழியில் வந்து ஒட்டிக்கொள்ளும் அன்றோ?

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கண்ணனும் பலராமனும் அஸ்தினாபுரம் சென்றிருந்த வேளையில், சததன்வா என்பவன் உறங்கிக்கொண்டிருந்த ஸத்ராஜித்தைக் கொன்று மணியைக் கவர்ந்தான். ஸத்யபாமை சொல்லக் கேட்ட கண்ணன் திரும்பிவந்து, ஓடிய சததன்வாவை மிதிலை வரையில் துரத்திச் சென்று தண்டித்தான். தன்மேல் கொலைப்பழி சுமத்தியவன் கொலையுண்டபோது, அவனுக்காக நீதி தேடி ஓடியவன் அப்பழி சுமந்தவனே. அயலாரின் பொய்க்கு இதைவிட மேலான மறுமொழி ஒன்று உண்டோ?

உடன்பிறந்தவனும் ஐயுற்றபோது

பழி அத்துடன் ஓய்ந்ததா என்றால், இல்லை. சததன்வாவிடம் மணி இல்லை. அவன் ஓடுமுன் அதை அக்ரூரரிடம் வைத்துச் சென்றிருந்தான். மணி கிடைக்கவில்லை என்று கண்ணன் சொன்னபோது, பலராமன் ஊர் திரும்பாமல் விதேக மன்னனிடம் சென்று மிதிலையிலேயே சில ஆண்டுகள் தங்கிவிட்டான். ஸ்ரீவிஷ்ணு புராணமோ, தமையன் தம்பியின் சொல்லை நம்பாமல் சினந்து பிரிந்தான் என்றே தெளிவாகக் கூறுகிறது.

ஊரார் ஐயுறுவது ஒரு துன்பம். உடன்பிறந்தவர் ஐயுறுவது வேறொரு துன்பம். மண்டகப்படிக் கணக்கு எழுதியவர் தெருவாரின் பேச்சைத் தாங்கியிருக்கலாம். ஒருநாள் இரவு உணவு பரிமாறும்போது, உண்மையில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறதா என்று மனைவி தயங்கிக் கேட்டால் அதைத் தாங்குவது அரிது. அக்கேள்வி வரும்போது சீறுவது இயல்பு. கண்ணன் சீறவில்லை. காலம் கருதிக் காத்திருந்தான். பின்பு அக்ரூரரை அழைத்து, மணியின் விஷயத்தில் தமையனுக்கு முழு நம்பிக்கை இல்லாமையைச் சொல்லி, அதை உறவினர்க்குக் காட்டி அமைதி உண்டாக்குமாறு வேண்டினான். அக்ரூரர் ஆடையில் மறைத்துவைத்திருந்த மணியைக் கொடுத்தார். கண்ணன் அதை உறவினர்க்குக் காட்டித் தன்மேலிருந்த மாசைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அக்ரூரரிடமே தந்துவிட்டான். நெருங்கியவர் கேட்கும்போது 'என்னையே ஐயுறுவதா' என்று முகம் திருப்பாமல், காட்டவேண்டியதைக் காட்டிவிடுதலே தகும் என்பது இதனால் பெறப்படும்.

இச்சரித்திரத்தைச் சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் நினைப்பவர்க்கும் அபகீர்த்தி நீங்கி அமைதி கிட்டும் என்று பாகவதம் பலன் கூறி முடிக்கிறது. பாத்ரபத மாதச் சுக்ல சதுர்த்தியில் சந்திரனைக் கண்டால் வீண்பழி வரும் என்றும், இச்சரித்திரத்தைக் கேட்டால் அது அகலும் என்றும் நாட்டில் ஒரு வழக்கும் நெடுங்காலமாக உண்டு. கேட்பதன் பயன் செவியோடு நின்றுவிடாமல் நடையிலும் வரும்போது அப்பலன் கைகூடுகிறது.

ஆசாரியர்கள் காட்டிய நெஞ்சு

புறத்தே பழியைத் துடைக்கும் முறை இதுவாயின், அகத்தே பழித்தவனை என்ன செய்வது? பிள்ளை லோகாசாரியர் அருளிய ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கென்றே ஓர் உபதேசம் அமைந்துள்ளது. தனக்குத் தீங்கிழைத்தவர் திறத்தில் ஒரு வைஷ்ணவனுக்கு ஐந்து பாவனைகள் உண்டாக வேண்டும் என்கிறார் அவர். பொறுமை, இரக்கம், சிரிப்பு, உகப்பு, உபகார நினைவு என்பன அவை.

பொறுமையாவது, பதிலுக்குத் தீங்கு செய்யாதிருத்தல். இரக்கமாவது, இவன் செய்த தீங்கின் பலன் இவனையே சேருமே என்று அவனுக்காக வருந்துதல். சிரிப்பு என்பது அவனை எள்ளி நகைத்தல் அன்று. ஊரார் மதிப்பு என்னும் நிலையற்ற பொருளைப் பறித்துவிட்டுப் பெரிதாக எதையோ பறித்துவிட்டதாக எண்ணுகிறானே என்னும் புன்முறுவல். உகப்பாவது, இவ்வுடலையும் அதன் பெருமையையும் பற்றிய பற்று கழல வழி பிறந்ததே என்னும் மகிழ்ச்சி. உபகார நினைவாவது, மறந்திருந்த தன் குறைகளை ஒருவன் நினைப்பூட்டினானே என்னும் நன்றி.

இவை ஏட்டில் எழுதுவதற்கு எளியவை, நடைமுறைக்கு ஆகாதவை என்று ஒருவர் கருதலாம். அவர்க்காகவே தந்தையும் மகனுமாகிய இரண்டு மஹான்களின் வாழ்வு நம் ஸம்பிரதாயத்தில் காட்டப்பட்டுள்ளது.

தந்தை கூரத்தாழ்வான். எம்பெருமானார் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், சோழன் அவரைத் தன் அவைக்கு அழைத்தபோது, தம் ஆசாரியனுடைய காஷாயத்தைத் தாம் தரித்துக்கொண்டு பெரிய நம்பிகளுடன் சென்றவர் ஆழ்வான். அவ்வாபத்துக்கு வித்திட்டது நாலூரான் என்பவன் அரசனிடம் சொன்ன ஒரு சொல் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அச்சொல்லின் விளைவாக ஆழ்வான் தம் திருக்கண்களை இழந்தார். பெரிய நம்பிகள் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். பிற்காலத்தில் எம்பெருமானாரின் நியமனத்தால் ஆழ்வான் காஞ்சியில் பேரருளாளனை வரதராஜஸ்தவத்தால் துதித்தார். பெருமாளும் வரம் தரத் திருவுள்ளம் பற்றினார். ஆழ்வான் கண்களைக் கேட்கவில்லை. தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்டவேண்டும் என்றே கேட்டார். பேரருளாளனும் அதற்கு இசைந்தான்.

கோள் சொன்னவனைத் தண்டிக்கவேண்டும் என்று கேட்க, கண்ணிழந்தவர்க்கு உரிமை இல்லையா? இருந்தது. அவ்வுரிமையை அவர் நாலூரானை விடுவிக்கவே பயன்படுத்தினார். தன்னால் நாசமடைந்தவரே தனக்காக மன்றாடாவிடில் நாலூரானுக்கு வேறு கதி இல்லை என்பதை அறிந்திருந்தமையே காரணம். இங்கு பொறுமையும் இரக்கமும் ஒருருவாய் நின்றன.

மகன் பராசர பட்டர். திருவரங்கத்தில் அவர்பால் அஸூயை கொண்ட ஒருவன் பலரும் கேட்க அவரைப் பழித்துப் பேசினான். பட்டர் தாம் அணிந்திருந்த ஆபரணத்தையும் மேலாடையையும் கழற்றி அவனுக்கு அளித்தார். பெருமாளின் குணங்களைப் பேசுவதும் தன் குறைகளைச் சொல்லிக்கொள்வதும் ஒரு வைஷ்ணவனின் கடமைகள். முன்னதில் ஈடுபட்டுப் பின்னதைத் தாம் மறந்திருந்ததாகவும், அக்குறையை அவன் நிரப்பியதாகவும் சொல்லி நன்றி பாராட்டினார். உகப்பும் உபகார நினைவும் இங்கே உருவெடுத்தன.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். கண்ணன் பழியைத் துடைக்கப் புறப்பட்டான். பட்டர் பழியை நன்றியுடன் ஏற்றார். இவற்றுள் எது பின்பற்றத்தக்கது? இரண்டும் பின்பற்றத்தக்கவையே, இடம்தான் வேறு. பட்டர்மேல் வந்தது வசை. அதனால் பாதிக்கப்படுபவர் அவர் ஒருவரே. ஆகையால் விட்டுவிட்டார். கண்ணன்மேல் வந்தது கொலைப்பழி. அது நிலைத்திருந்தால் துவாரகை முழுவதும் பகவத் அபசாரத்துக்கு ஆளாகியிருக்கும். ஆகையால் துடைத்தான். தன் ஒருவனைமட்டும் சுடும் சொல்லாயின் பொறுத்துவிடுக. மகளின் வாழ்வையோ, பொதுப்பணத்தின் மேலுள்ள நம்பிக்கையையோ, குற்றமற்ற வேறொருவரையோ சுடும் பொய்யாயின், உண்மையை எடுத்துக் காட்டுக. காட்டும்போதும் பட்டரின் நெஞ்சு உள்ளே இருக்கட்டும். இதுவே இரு சரித்திரங்களையும் சேர்த்து வைத்து அறியவேண்டிய பொருள்.

கணக்கு எழுதியவர் செய்யத்தக்கது

இனி அம்மண்டகப்படிக் கணக்காளரிடம் திரும்பலாம். அவர் செய்யத்தக்கவை சிலவே. சினம் தணியும்வரை வாய் திறவாதிருத்தல் முதலாவது. பின்பு ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்லலாம். திண்ணைக்கான செலவும் மண்டகப்படிக்கான செலவும் வேறென்பதைக் காட்டலாம். தெருவார் கூடும் நாளில் கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் அனைவரும் பார்க்க விரித்து வைக்கலாம். வேண்டுமானால் அடுத்த வீட்டுக்காரரையே கூட்டிப் பார்க்கும்படி கேட்கலாம். பழி சொன்ன ஊரையே உடன் நடக்கச் செய்த கண்ணனின் முறை அதுவே.

இவ்வளவும் ஒருமுறை செய்தால் போதும். ஒவ்வொரு திண்ணையிலும் ஏறி ஒவ்வொரு செவியிலும் தன் நேர்மையை ஓதுவது வதந்திக்கு மறுவாழ்வு தருவதாகும். அடுத்த வீட்டின் மறைவான குறைகளைத் தெருவுக்குக் கொண்டுவருவது, கைச்சேற்றைச் சேற்றாலேயே கழுவுவதாகும். அயலவர் பின்வாங்குவதற்கு ஒரு வழியையும் விட்டுவைக்க வேண்டும். தலை கவிழ்ந்து வருபவனுக்கு வாயில் திறந்திருக்க வேண்டும், ஸத்ராஜித்துக்குத் திறந்திருந்தது.

இத்தனைக்குப் பின்னும் தீங்கு தொடருமாயின், ஊர்ப் பெரியோரையும் நியாயஸ்தலத்தையும் நாடுவதில் தோஷமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய ஸம்ஹிதையின் 356-ஆம் பிரிவும் அவதூறைக் குற்றமாகவே கொள்கிறது. காத்தற்பொருட்டு நியாயத்தை நாடலாம். கறுவு தீர்த்தற்பொருட்டு நாடலாகாது.

அடுத்த வீட்டில் ஒரு நோயோ, சாவோ, தீவிபத்தோ நேர்ந்தால் முதலில் ஓடி நிற்பவர் பழி சுமந்தவராகவே இருக்கட்டும். கொலையுண்ட ஸத்ராஜித்துக்காகக் கண்ணன் ஓடியதை அவர் அப்போது நினைத்துக்கொள்ளட்டும்.

கேட்ட செவிக்கும் பங்குண்டு

வதந்தி ஒரு நாக்கால் மட்டும் வாழ்வதில்லை. ஸத்ராஜித்தின் ஐயம் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அது ஒரு துயரம். துவாரகையின் செவிகள் அதை அபவாதமாக்கின. ஆகையால் பழிக்கப்பட்டவருக்கு ஓர் உபதேசம் உண்டானால், கேட்டவர்க்குப் பத்து உபதேசங்கள் தகும். அவற்றுள் தலையாயது ஒன்று: பிறனைப் பற்றிய ஒரு சொல் வந்தால், கண்டீரா என்று ஒரு கேள்வி கேட்பது. அக்கேள்வியின்முன் பல பொய்கள் அங்கேயே மடிந்துவிடும். பழிக்கப்படுபவர் ஒரு பாகவதராகவும் இருந்துவிட்டால், கேட்டு ரஸித்த செவிக்கும் பாகவத அபசாரம் ஒட்டும். எம்பெருமான் தனக்குச் செய்த அபசாரத்தைப் பொறுப்பான்; தன் அடியார்க்குச் செய்ததைப் பொறான் என்பது பெரியோர் துணிபு.

பெண்பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஒருமுறை வந்து கேட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் நின்றிருக்கும். தெருக்குழாயடியில் ஒருத்தி அருகே வந்து வழக்கம்போல் பேசியிருந்தால், அப்பெண்மணி மறுபடியும் குடமெடுத்து வந்திருப்பாள். பெரிய தியாகம் எதுவும் தேவைப்படவில்லை. கேட்பதற்கு ஒரு நிமிஷமும், அருகில் நிற்பதற்குச் சிறிது துணிவுமே தேவைப்பட்டன.

திருமுன்பே இறக்கி வைக்கத்தக்கது

நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு நாயகியின் நிலையில் நின்று, ஊரார் தூற்றும் பழியைப் பயிருக்கு இடும் எருவாக உருவகித்தருளினார். எரு நாற்றமுடையதே. ஆயினும் உழவன் அதைத் தலைமேல் சுமந்து திரிவதில்லை. வயலில் இட்டு மண்ணோடு கலந்து விடுகிறான். பின்பு அங்கு எழுவது நாற்றமன்று, பயிர். ஊர்ப்பழியும் அவ்வாறே. தலையில் சுமப்பவனுக்கு அது துர்நாற்றம். பக்தி என்னும் வயலில் இட்டவனுக்கு அது உரம்.

அந்நம்மாழ்வாரின் திருநாமத்தாலேயே விளங்குவது ஸந்நிதியில் ஸாதிக்கப்படும் ஸ்ரீசடாரி. அது வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவர் தலையிலும் படுகிறது. பழி கூறியவன் தலை, பழி சுமந்தவன் தலை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தேர் வடத்தைப் பிடிக்கும் கைகளும் அவ்வாறே. அடுத்தடுத்த வீட்டார் இருவர் அடுத்தடுத்து நின்று ஒரே வடத்தை இழுக்கிறார்கள். ஒருவர் விட்டுவிட்டால் மற்றவருக்குப் பாரம் கூடுகிறது. இருவரும் சேர்ந்து இழுத்தால் தேர் நிலைக்கு வருகிறது.

ஆகவே உற்சவத்துக்கு வந்து நிற்கும் அடியவர், நெஞ்சின் அடியில் மறைத்துக் கொண்டுவந்த அவ்வேண்டுதலையும் வெளியே எடுக்கட்டும். தீங்கு நினைத்தவன் அழியட்டும் என்னும் பகுதியைத் திருவடியில் விட்டுவிட்டு, தீங்கு நீங்கட்டும், அவனும் தெளியட்டும் என்னும் பகுதியை மட்டும் வேண்டிக்கொள்ளட்டும். அப்போது திரை விலகும் தருணத்தில் அடுத்த வீட்டுக்காரரின் முகம் குறுக்கே நிற்காது. சங்கும் சக்கரமும் ஏந்தி, அஞ்சேல் என்னும் திருக்கையுடன் நிற்கும் எம்பெருமானே கண்ணுக்குப் புலனாவான்.

கொலைப்பழி சுமந்தும் சினவாது, பழித்தவன் மகளைத் தன் தேவியாக ஏற்ற அக்கண்ணபிரான், உற்சவ ஸேவைக்கு வந்த அனைவர் இல்லங்களிலும், அவர்தம் அயலார் இல்லங்களிலும் நல்லிணக்கம் நிலவ அருள்புரிவானாக.

சுபம்